பார்க்கத் தெரிந்தவருக்குத் திறக்கும் கதவுகள்



இந்த வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவரை அழைத்து, 'இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று பேசச் சொல்கிறார்கள். சமீப காலமாக நான் படித்ததைவிட விளையாடியதுதான் அதிகம். வீடியோ கேம்களைப் பற்றிப் பேசலாமா என்று தயக்கத்தோடு கேட்டேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்துவிடுகிறேன். நம் ஊரில் 'ஆன்லைன் கேம்' என்றாலே பலருக்கும் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி ஆடி, கடனில் மூழ்கி, உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்துப் படித்து அந்தப் பேச்சே கசந்துவிட்டது. 2022-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அது சூதாட்டம், அதன் கதை வேறு. நான் பேசப்போகிற கேம்களைப் புத்தகம் வாங்குவதுபோல விலை கொடுத்து வாங்குகிறோம். கதையின் நடுவில் யாரும் கையேந்த மாட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கேம்களில் வளர்கிறவர் யார்? திரையில் இருக்கும் வீரன். தொடக்கத்தில் அவன் கையில் துருப்பிடித்த வாள் இருக்கும். எதிரிகளை வீழ்த்த வீழ்த்தப் புள்ளிகள் சேரும், லெவல் ஏறும், வாள் மாறும், கவசம் கனக்கும். நேற்று வீழ்த்த முடியாத அரக்கனை இன்று வீழ்த்துகிறோம் என்றால் பெரும்பாலும் காரணம் அவனுடைய எண்கள் கூடியிருப்பதுதான். அப்படிப்பட்ட கேம்களையும் நான் ஆசையாக ஆடியிருக்கிறேன். ஆனால் இப்போது என் மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டிருக்கும் மூன்று கேம்களில், திரையில் இருப்பவர் முதல் நிமிடத்தில் எப்படி இருந்தாரோ கடைசி நிமிடத்திலும் அப்படியே இருக்கிறார். அவருக்குப் புதிய ஆயுதம் கிடையாது. மாறுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம். நேற்றுவரை கவனிக்காத ஒன்றை இன்று கவனித்துவிட்டோம் என்பதற்காகவே கதை நகர்கிறது. இதைச் செய்யக்கூடிய கலை வடிவம் வேறு ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நாவலில் எனக்கு ஒன்று புரியாவிட்டாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். இங்கே புரிந்தால்தான் பக்கம் திரும்பும்.

முதலாவது கேம், 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 2018-இல் வந்தது. செய்தவர் லூகாஸ் போப். ஜப்பானில் வாழும் அமெரிக்கர். கதை, வரைகலை, நிரல், இசை எல்லாமே ஏறத்தாழ அவர் ஒருவருடைய வேலை. இதற்கு முன் 2013-இல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று ஒன்று செய்திருந்தார். எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்க்கும் ஓர் எளிய அதிகாரியாக நம்மை வைத்து, எந்தத் தாளில் முத்திரை குத்துகிறோம் என்பதை வைத்தே மனசாட்சியை உலுக்கிய கேம் அது. போப்புக்குக் காகிதங்கள்மேல் ஒரு பிடிப்பு உண்டு.

'ஓப்ரா டின்' கதை இது. 1802-இல் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிச் சரக்கோடு ஒரு வணிகக் கப்பல் புறப்படுகிறது. ஆறு மாதத்தில் நன்னம்பிக்கை முனைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடலில் தொலைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 1807 அக்டோபரில் ஒரு காலை, சேதமான பாய்களோடு, ஆளே இல்லாமல், இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு அது தானாக மிதந்து வந்து சேர்கிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தைச் சேர்ந்த இன்சூரன்ஸ் அதிகாரி. கப்பலில் ஏறி, அதில் போன 60 பேருக்கும் என்ன ஆனது என்று எழுதித் தர வேண்டும். யார், எப்படி இறந்தார், கொன்றது யார்.

உங்களிடம் இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கப்பலின் வரைபடம், பெயர்ப் பட்டியல், கப்பலில் போன ஓவியர் வரைந்த முகங்கள். எந்த முகம் எந்தப் பெயருக்குரியது என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. இன்னொன்று, ஒரு சட்டைப்பைக் கடிகாரம். ஓர் எலும்புக்கூட்டின் முன் நின்று அதைத் திறந்தால் திரை இருண்டுவிடும். அந்த மனிதர் சாவதற்கு முந்தைய சில நொடிகளின் சத்தம் மட்டும் கேட்கும். காலடி, ஒரு கூச்சல், பாதியில் நிற்கும் ஒரு வாக்கியம். பிறகு அவர் உயிர் பிரிந்த கணம் அப்படியே உறைந்து நம் முன் நிற்கும். அதற்குள் நடந்து போகலாம். துப்பாக்கிப் புகை அந்தரத்தில் நிற்கும். அதைத் தாண்டிப் போய், அந்த நேரத்தில் கப்பலின் மறுமூலையில் நின்றவர் யார், அவர் யாருடைய தோளைப் பிடித்திருந்தார், எந்தத் தொப்பி போட்டிருந்தார் என்று பார்க்கலாம். சாவைப் பார்க்கச் சொல்லி அழைத்துப் போகிற கேம், சாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கப் பழக்குகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது சற்றே விடையை வெளியிடுவதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மாலுமிகள் தூங்கும் தளத்தில் தொங்குபடுக்கைகள் வரிசையாகக் கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெயர்ப் பட்டியலிலும் அதே எண்கள் உண்டு. அப்படியானால் சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் படுத்திருப்பவர்களில் சிலருடைய முகம் தெரியாது. துணிக்குள் சுருண்டு கிடப்பார்கள். தெரிவது கால் மட்டும். அந்தக் காலில் கிடக்கும் காலணியை, காலுறையை மனத்தில் வாங்கிக்கொண்டு, வேறொரு நாளில், வேறொரு சாவு நடந்த இடத்துக்குப் போய், அங்கே நிற்கிறவர்களின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நான் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், குனிந்து, பாய்மரக் கயிற்றில் தொற்றிக்கொண்டிருந்த சீன மாலுமிகளின் காலணிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தக் கேம் என்ன செய்கிறது என்பது பளிச்சென்று புரிந்தது.

அந்தப் பெயர்ப் பட்டியல் பதவி வரிசைப்படி போகிறது. மேலே கேப்டன், துணை அதிகாரிகள், மருத்துவர். கீழே பாய்மரம் ஏறுகிறவர்களும் கடைநிலை மாலுமிகளும். அவர்களில் சீனர்கள் இருக்கிறார்கள், இந்தியர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல்களில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகள் குறைந்த கூலிக்கு உழைத்தார்கள் என்பது வரலாறு. கேமில் கேப்டன் யாரென்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. எல்லோரும் அவரைப் பதவி சொல்லி அழைக்கிறார்கள். அவருக்கென்று தனி அறை, தனிச் சீருடை. பட்டியலின் அடியில் இருப்பவரைத்தான் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவருக்காகத்தான் நாம் மறுபடி மறுபடி கப்பலைச் சுற்றுகிறோம். ஆனால் கணக்கு முடிய 60 பேரும் வேண்டும். கேப்டனுக்கு ஒரு வரி என்றால் கடைசி மாலுமிக்கும் ஒரு வரி. வரலாற்று நூல்கள் யாரை ஒரு தொகையாகச் சொல்லிக் கடந்துபோகின்றனவோ, அவரை இந்தக் கேம் மிக நெருக்கமாகப் பார்க்க வைக்கிறது. இதை வசனமாக அது எங்கும் சொல்வதில்லை. ஆட்டத்தின் விதியாக வைத்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது.

விதி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் எழுதுவது சரியா தவறா என்று கேம் உடனே சொல்லாது. மூன்று பேருடைய விவரம் முழுக்கச் சரியாக இருந்தால்தான் அந்த மூன்றையும் ஒன்றாக உறுதிசெய்து, கையெழுத்தை அச்செழுத்தாக்கும். ஒவ்வொருவராக உறுதிசெய்திருந்தால் நாம் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு ஊகித்தே முடித்துவிடுவோம். மூன்று என்று வைத்ததால், இருவரைப் பற்றியாவது நிச்சயம் இருந்தால்தான் மூன்றாவது ஆளைக் குருட்டாம்போக்கில் எழுத முடியும். இவ்வளவு சிறிய ஏற்பாட்டில் ஊகத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டு, சோம்பேறித்தனத்துக்கு இடம் விடாமல் செய்திருக்கிறார் போப். 2019-இல் பாஃப்டா விருதுகளில் கேம் வடிவமைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது. கலைத்திறனுக்கான விருதும் சேர்த்து. முழுக்க இரண்டே நிறம்; பழைய மேக்கின்டாஷ் கணினித் திரைபோலப் புள்ளிகளால் ஆன உலகம். நாம் தலையைத் திருப்பும்போது அந்தப் புள்ளிகள் கண்ணைக் கூச வைக்காமல் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காக அவர் நீண்ட காலம் மெனக்கெட்டிருக்கிறார்.

எனக்கு இதில் உறுத்துகிற இடமும் உண்டு. ஒருவர் எந்த நாட்டவர் என்பதை அடிக்கடி முகத்தின் சாயலையும் பேச்சின் உச்சரிப்பையும் வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'இவர் கறுப்பு, ஆகவே இந்த நாடாக இருக்கலாம்' என்று நான் என்னையறியாமல் பிரித்துக்கொண்டிருந்த நேரங்கள் உண்டு. நான் வகிக்கும் பாத்திரம் ஒரு கம்பெனி அதிகாரி. அவருடைய கண் அப்படித்தான் பார்த்திருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கேம் அந்தக் கண்ணைக் கேள்வி கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னும் சில பெயர்கள் எனக்கு மீதமிருக்கின்றன. அவர்களில் இந்தியர்களும் உண்டு என்பது என்னை விடாமல் உட்காரவைக்கிறது.

இரண்டாவது, 'அவுட்டர் வைல்ட்ஸ்'. 2019-இல் வந்தது. அலெக்ஸ் பீச்சம் என்பவர் அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராக இருந்தபோது ஆய்வுக்காகச் செய்ததிலிருந்து வளர்ந்த கேம் இது. 2020-இல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதைப் பெற்றது. இதை நான் முன்பே முடித்துவிட்டேன். இப்போது ஆடுவது என் அண்ணன் மகள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ்ப் பதிப்பு இல்லாததால் திரையில் வரும் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை.

ஒரு சின்னஞ்சிறு சூரியக் குடும்பம். சில நிமிடங்களில் ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்குப் பறந்துவிடலாம். மரத்தாலும் தகரத்தாலும் ஆன ஒரு விண்கலம் நமக்கு உண்டு. கிளம்பிய 22-ஆவது நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். எல்லாமே அழிந்துவிடும். பிறகு நாம் பழையபடி கூடாரத் தீயருகே கண் விழிப்போம். மறுபடி 22 நிமிடம். இந்தச் சுழற்சிக்குக் காரணம் என்ன, முன்பு இங்கே வாழ்ந்த நோமாய் என்ற இனத்தார் எதைத் தேடினார்கள், இதுதான் கதை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு எந்தப் பொருளையும் கொண்டுபோக முடியாது. போவது நமக்குத் தெரிந்தது மட்டும். கலத்தில் ஒரு குறிப்பேடு உண்டு. அது அழியாமல் நினைவில் வைத்திருக்கும்.

அதில் இரட்டைக் கோள்கள் இருக்கின்றன. ஒன்றையொன்று சுற்றிவருபவை. ஒன்றிலிருந்து மணல் ஒரு தூணாக எழுந்து மற்றதன்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். மணல் கொட்டுகிற கோளில் இறங்கி, ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருந்த குகைக்குள் நாங்கள் போனோம். சுவரில் நோமாய் எழுத்துகள், சுருள் சுருளாக. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்வை தரைமேல் இருந்தது.

"அத்தை, நாம வந்தப்ப அந்தக் கல்லு முழுசாத் தெரிஞ்சுதுல்ல? இப்ப பாதிதான் தெரியுது."

மணல் ஏறிக்கொண்டிருந்தது. வந்த வழி மூடிவிட்டது. கூரைக்கும் மணலுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தோம். மறுபடி தீயருகே கண் விழித்ததும் அவள் கன்ட்ரோலரை வைத்துவிட்டு யோசித்தாள். எனக்கு விடை தெரியும். சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"இங்க மணல் ஏறுதுன்னா அங்க இறங்கும்ல? அப்ப அந்தப் பக்கம் அடியில என்னமோ இருக்கு. முதல்ல இந்தக் குகை. மணல் வர்றதுக்குள்ள. அப்புறம் கடைசியா அங்க போவோம்."

அவ்வளவுதான். ஒரு பூட்டு திறந்துவிட்டது. எந்தச் சாவியும் கையில் வரவில்லை, எந்த எண்ணும் கூடவில்லை. இரண்டு கோள்களுக்கு நடுவில் ஓடும் மணலை அவள் ஒரு கடிகாரமாகப் புரிந்துகொண்டாள். அந்தக் கேமில் இருக்கும் கதவுகள் பெரும்பாலும் இப்படித்தான். தொடக்கத்தில் ஒரு சிறு வேலை, வானாய்வகத்துக்குப் போய்க் கலத்தைக் கிளப்பும் குறியெண்ணை வாங்கி வருவது. அதற்குப் பிறகு எதுவுமே பூட்டப்படவில்லை. எல்லாம் தெரிந்தவர் ஒருவர் முதல் சுற்றிலேயே கதையின் இறுதிக்குப் போய்விட முடியும். நமக்குத் தெரியாததுதான் நம்மைத் தடுத்து நிறுத்தியிருந்தது.

பறப்பது கடினம் என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உண்மைதான். விண்வெளியில் வேகம் தானாகக் குறையாது. எதிர்த்திசையில் உந்தித்தான் நிறுத்த வேண்டும். முதல் சில பயணங்களில் கோள்மேல் மோதிச் சாவது சகஜம். விட்டுவிடாதீர்கள். இன்னொரு கோளின் உள்ளே கருந்துளை இருக்கிறது. கோளின் மேலோடு துண்டு துண்டாக உடைந்து அதற்குள் விழுந்துகொண்டிருக்கும். நாமும் விழுவோம். விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதை நீங்களே பாருங்கள்.

ஒரு கருவியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். தூரத்து ஒலிகளைக் கேட்கும் தொலைநோக்கி ஒன்று கையில் இருக்கும். கதையில் நம் ஊர்க்காரர்களான பயணிகள் ஆளுக்கொரு கோளிலோ நிலவிலோ தனியாகத் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் முரசு, ஒருவர் ஹார்மோனிகா, ஒருவர் சீட்டி. கோளை நோக்கித் திருப்பினால் அவரவர் வாத்தியம் மட்டும் கேட்கும். தொலைவாகப் போய், எல்லாக் கோள்களும் ஒரே திசையில் வரும்படி நின்று கேட்டால், அவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். ஒருவருக்கொருவர் கேட்காமலே. ஆண்ட்ரூ ப்ராலோவின் இசை அது. இதைச் செய்து பார் என்று கேம் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. அண்ணன் மகள் அதைக் கண்டுபிடித்த அன்று மேற்கொண்டு எங்கேயும் போகவில்லை. சூரியன் வெடிக்கும்வரை அங்கேயே மிதந்துகொண்டு கேட்டோம்.

மூன்றாவது, 'வெண்பா'. நம்மவர்கள் கேம். கனடாவின் டொரான்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2023 ஜூலையில் வந்தது. அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 1980-களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. எந்த வரி காணாமல் போயிற்றோ அதை நாம் யோசித்துச் சமைத்து முடிக்க வேண்டும்.

முதலில் வருவது இட்லி. மாவு தயார், பானையும் தட்டுகளும் இருக்கின்றன. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதுதான் கேள்வி. கீழ்த்தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வந்தால் இட்லி உப்ப இடமிருக்காது. மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். என் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆடினேன். நான் தட்டை நகர்த்துவதற்கு முன்பே, "திருப்பி வைடி, ஆவி எப்படிப் போகும்?" என்றார். எத்தனையோ ஆண்டுகளாக அம்மா அப்படித்தான் அடுக்குகிறார். நான் தின்றிருக்கிறேனே தவிர, ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு கேம் வந்துதான் அதை எனக்குக் காட்ட வேண்டியிருந்தது.

கதை வளரும்போது ஒரு கட்டத்தில் நாம் வெண்பாவிலிருந்து கவினாக மாறுகிறோம். அவன் தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவன். அம்மாவின் அதே புத்தகம் அவன் கையில். வெண்பாவாக இருந்து அந்தப் பக்கங்களைப் புரட்டிய நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம், அதற்குச் சொந்தக்காரியின் மகனுக்குப் புதிதாக இருக்கிறது. தலைமுறை இடைவெளியைப் பற்றி எத்தனையோ திரைப்படங்கள் வந்திருக்கின்றன. அம்மாவின் அறிவையும் மகனின் அறியாமையையும் ஒரே ஆளின் கைகளில் அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்க்க ஒரு கேமினால்தான் முடிந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பது என் ஒரே மனக்குறை. கடைசிப் பகுதிகளில் சமையல் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட கேம்களுக்கு ஒரு விலை உண்டு. இவற்றை ஒருமுறைதான் ஆட முடியும். பிடித்த நாவலை நான் பத்தாவது முறையும் படிப்பேன். முடிவு தெரிந்தாலும் மொழி காத்திருக்கும். 'அவுட்டர் வைல்ட்ஸ்' எனக்கு இனி ஒருபோதும் திறக்காது. மணலின் ரகசியம் தெரிந்த ஒருவருக்கு அந்தக் குகையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் கழித்து மறந்துவிடும், அப்போது ஆடலாம் என்று நினைத்துப் பார்த்தேன். மறக்கவில்லை. கண்டுபிடித்த விஷயங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவைபோல எளிதில் போவதில்லை. அதனால்தான் இதை ஆடி முடித்தவர்கள் ஆடாதவர்களைத் தேடி அலைகிறார்கள். அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத் துடிக்கிறார்கள். நானும் அண்ணன் மகளிடம் அதற்காகத்தான் கொடுத்தேன். அவள் தவறான திசையில் போகும்போது எனக்கு வலிக்கிறது. ஆனால் நான் போகாத வழிகளிலும் அவள் போகிறாள். அந்தக் கல் மணலுக்குள் மூழ்குவதை நான் என் காலத்தில் கவனிக்கவே இல்லை. வேறொரு இடத்தில் கிடைத்த குறிப்பை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மூன்றில் எதை ஆடினாலும், சிக்கிக்கொண்டதும் யூடியூபில் விடை தேடாதீர்கள். மற்ற கேம்களில் விடையைப் பார்த்தால் ஒரு சண்டையைத் தாண்டுவீர்கள். இங்கே விடையைப் பார்த்தால் அந்தக் கேமையே இழந்துவிடுவீர்கள், திரும்பக் கிடைக்காது. சிக்கினால் மூடிவைத்துவிட்டு நடந்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் யாரையாவது பக்கத்தில் உட்காரவையுங்கள். கேம் ஆடத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் கண் வேறு எங்கோ இருக்கும்.

விலை உயர்ந்த கணினி வேண்டுமா என்று முன்பே ஒருவர் கேட்டார். 'வெண்பா'வுக்கும் 'ஓப்ரா டின்'னுக்கும் சாதாரண லேப்டாப் பெரும்பாலும் போதும். 'அவுட்டர் வைல்ட்ஸ்'தான் கொஞ்சம் கேட்கும். பின்வரிசை மேசையில் என் லேப்டாப்பில் 'ஓப்ரா டின்'னைப் புதிதாகத் தொடங்கி வைத்திருக்கிறேன். படகிலிருந்து ஏணியில் ஏறி மேல்தளத்துக்குப் போனால், கேப்டன் அறைக்கதவின் முன் முதல் எலும்புக்கூடு கிடக்கும். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் ஆடட்டும், மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும். ஹெட்ஃபோன் வேண்டாம், சத்தத்தை எல்லோரும் கேட்க வேண்டும். நூலகம் மூடும்வரை நான் இங்கேதான் இருப்பேன். விடை மட்டும் கேட்காதீர்கள்.